காதர் பாய்க்குப் பேசிய கேசட்

என் குரலுக்கு வானொலி நிலையம் காத்திருக்கிறது என்று வெகுகாலம் நம்பியவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக் காதர் பாய்க்குச் சர்க்கரை நோய் முற்றிப் பார்வையும் போயிருந்தது. அவர் மகன் துபாயிலிருந்து அனுப்பிய டேப் ரெக்கார்டர் அவர் வீட்டில் இருந்ததால், நோயைப் பற்றி ஒரு கேசட் பேசிக் கொடுத்தேன். கரும்பின் வரலாற்றில் தொடங்கி அரை மணி நேரம் பேசினேன். தினமும் பாதத்தை விரலால் தடவிப் பாருங்கள், புண் தட்டுப்பட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள் என்பதைக் கடைசியில் ஒரு வரியாகச் சொன்னேன்.

சில மாதம் கழித்துத் தஞ்சாவூரில் அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். இடது பாதத்திலும் கறுப்பு ஏறியிருந்தது.

“பாய், கேசட்டைக் கேக்கலீங்களா?”

“தினம் கேட்டேன் தம்பி. அருமையான குரல்.”

“பாதத்தைத் தடவிப் பாக்கச் சொல்லியிருந்தேனே?”

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. “அப்படியா?” என்றார்.

நான் படித்ததைக் காட்ட நினைத்தேனே தவிர, அவர் காலை நினைக்கவில்லை. இதை இனி யாரிடம் சொல்லி என்ன?

நான் கிளம்பியபோது அவர் மனைவி வாசல்வரை வந்தார்.

“மனசுல வச்சுக்காதீங்க தம்பி. கரும்பைத் தாண்டுறதுக்குள்ள அவங்க தூங்கிருவாங்க.”