கெசியா வாய் திறக்காத நாள்

கால்வாய்க் கரையில் தையல் கடை வைத்திருந்த கெசியா ட்ரிப் மூன்று குளிர்காலம்தான் பள்ளிக்கூடம் போனவள். அதனால் என்ன? அவள் வெட்டின துணி ஒரு நூல் பிசகாது. பன்னிரண்டு வயதில் கூலிக்கு ஊசி பிடித்து, முப்பதில் சொந்தக் கடை போட்டவள். அப்பன் சொத்தில் உட்கார்ந்து தின்றவர்கள் அவள் எதிரே நிமிர்ந்து நிற்க முடியாது.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டில் ஊரே அவளைத் தூற்றியது. எல்லாம் கால்சட்டையால். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பாவாடை, அதற்குள் கணுக்கால்வரை தொளதொள கால்சட்டை. பெண்ணுரிமைச் சங்கத்தில் எட்டுப் பேர் கூடி எடுத்த முடிவு அது. எட்டையும் தைத்தவள் கெசியா. முதலில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியவளும் அவள்தான்.

"நீ முன்னாடி போடி. பின்னாடியே நான் வரேன்," என்று மாவு மில்காரர் மனைவி லோவினா கெஞ்சியிருந்தாள். சின்ன வயதுச் சிநேகிதி ஆயிற்றே.

"துரை வர்றாரு, தொப்பியக் கழட்டுங்கடா!" என்று படகுக்காரப் பயல்கள் கத்தினார்கள்.

"கிழிஞ்ச தொப்பியா இருந்தா கொண்டாங்க, தச்சுத் தரேன்!" என்றாள் கெசியா.

பாதிரியார் பேர் சொல்லியே திட்டினார். கல்யாண உடுப்பு தைக்கக் கொடுத்த வீடுகள் துணியைத் திரும்ப வாங்கிப் போயின. கெசியா அசையவில்லை. அக்டோபரில் சங்கம் நடத்தும் பெண்ணுரிமை மாநாட்டில் மேடையேறிப் பேசப்போகிறாள், அது போதும். பெண்டாட்டி சம்பாத்தியம் புருஷன் கைக்குப் போகிற சட்டத்தைப் பற்றி அவளைவிட யார் பேச முடியும்? அவள் புருஷன் அவள் தையல் கூலியைக் குடித்தே செத்தவன்.

மாநாட்டுக்கு முந்தின வாரம் சங்கம் கூடியது. லோவினா தரை கூட்டும் நீளப் பாவாடையில் வந்திருந்தாள். கால்சட்டையைத் துவைக்கப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள் கெசியா.

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் நிறைந்த சங்கம். கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் இல்லை. தீர்மானத்தைப் படிப்பார்கள், யாரும் எழுந்து மறுக்காவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள்.

செயலாளர் ஹெப்சிபா படித்தாள்: "பத்திரிகைக்காரங்க உடுப்பைப் பத்தித்தான் எழுதுவாங்க. அதனால சகோதரி ட்ரிப்போட பேரைப் பேச்சாளர் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம்."

கெசியா லோவினாவைப் பார்த்தாள். தனக்காகத் தானே எழுந்தால் நன்றாயிராது; லோவினா எழுவாள். லோவினா கையுறைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அடுப்பில் விறகு வெடித்தது. ஹெப்சிபா பேனாவை மையில் தோய்த்தாள்.

"எல்லாருக்கும் சம்மதம்."

லோவினாவை வாசலில் வைத்து மடக்கினாள் கெசியா. "உனக்குத் தெரியுமாடி இது?"

"சங்கத்தோட நல்லதுக்குத்தான்."

"நீ சொல்லித்தானே போட்டேன்!"

"என்னை மட்டும் ஏன் கேக்கறே? நீயும்தானே பேசாம உக்காந்திருந்தே?"

மாநாட்டில் அந்தச் சட்டத்தைப் பற்றி லோவினாவே பேசினாள். நல்ல கைதட்டலாம்.

கெசியா சங்கத்தையும் விடவில்லை, கால்சட்டையையும் விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து, "எனக்குச் சம்மதமில்லை" என்றாள். ஒரு ஜனவரியில், ஜன்னலைச் சாத்தலாமா என்றதற்கும் எழுந்தாள்.

லோவினாவுக்குப் பொறுக்கவில்லை. "உனக்குந்தானேடி குளிருது!"

"குளிருது," என்றாள் கெசியா, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு. "ஆனா உங்க 'எல்லாரு'ல என்னைச் சேக்காதே."