கங்காணி மாமா பிடித்த படம்

மாமாவின் பழுப்பு நிற ஸ்வெட்டரில், இடது மார்புப் பையில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டது நான்தான். மாமா அதைப் போட்டுக்கொண்டே நின்று, "பாத்து, பாத்து" என்றார். அம்மாவின் அண்ணன் அவர், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி. வாழ்நாளில் அவர் துணிந்த ஒரே களவு அது: நுவரெலியா தியேட்டரில் ஓடும் படத்தைத் திருட்டுத்தனமாகப் போனில் பிடிப்பது.

காரணம் அவர் மனைவி, என் அத்தை. உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் மலையில் இந்தியாவிலிருந்து வந்து ஒரு படம் பிடித்தார்கள். கதாநாயகி கொழுந்து எடுக்கும்போது பின்னால் நிற்கப் பத்துப் பெண்களைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு நேர் பின்னால் அத்தை. அன்றிலிருந்து நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்தில் வேறு பேச்சே இல்லை. படம் தியேட்டருக்கு வந்த வாரத்திலேயே அத்தை மலைச்சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். பஸ் ஏற முடியாது. படமோ வெள்ளிக்கிழமையோடு போய்விடும். "என் மூஞ்சிய நான் பாக்காமலே போயிரும்போல" என்று அவர் அழுதார். மாமா என்னைத் தனியே கூப்பிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார். அத்தையிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கமில்லாதவர். பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேச்சு வந்துவிடக் கூடாதென்று, இருபது வருடமாக அத்தையின் கொழுந்தைத்தான் முதலில் கிளறிக் குறை சொல்லுவார்.

படம் பிடிக்கக் கூடாதென்று தியேட்டர் சுவரில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மாமா மூன்றையும் பார்த்துவிட்டு, பைக்குள் போனை ஓட்டைக்கு நேராக வைத்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். பலமாக மூச்சு விட்டால் படம் ஆடுமாம். ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு எங்கள் மலை வந்தது. கதாநாயகி பாடிக்கொண்டே கைக்கு வந்த இலையை எல்லாம் உருவிக் கூடையில் போட்டாள். மாமா நெளிந்தார். நான் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, கொழுந்து எடுக்கிறியா, கீர ஆயிறியா? முத்தின எலையெல்லாம் போகுது! பின்னால திரும்பி என் சம்சாரத்தப் பாரு! அவ கை மாதிரி இந்த டிவிசன்லயே ஒரு கை கெடயாது!"

தியேட்டரே சிரித்தது. டிக்கெட் கிழிப்பவர் டார்ச்சோடு வந்தார். ஓட்டையை அவர் கவனிக்கவில்லை. சத்தம் போட்டதற்காக எங்களை வெளியே அனுப்பினார். லயத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்து போனைப் போட்டுப் பார்த்தால், அத்தையைச் சுட்டிக்காட்ட மாமா நீட்டிய கையே அத்தையை முழுசாக மறைத்திருந்தது. குரல் மட்டும் கணீரென்று கேட்டது. மாமா வெளியே போய் நின்றுகொண்டார். அத்தை அழவில்லை. "இன்னொருக்கா போடு" என்றார்.

போன வாரம் அதே படம் டிவியில் வந்தது. அத்தையின் கால் எப்போதோ சரியாகிவிட்டது. மாமாவும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். திரையில் அத்தை பளிச்சென்று நாலு விநாடி தெரிந்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவி அருகே போய்க் குனிந்தார்.

"பாரு, ஒன் கையிலயும் ஒரு முத்தின எல."

அத்தை போனை எடுத்து தியேட்டரில் மாமா கத்திய இடத்தைச் சத்தமாக வைத்தார். மாமா முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், "அத மொதல்ல அழி. சட்டப்படி குத்தம்" என்றார்.

"குத்தம்னா ஒங்களப் புடிச்சிட்டுப் போகட்டுங்க" என்றார் அத்தை. "போன நான் குடுக்க மாட்டேன்."