புஷாயிப் பார்க்காமல் விட நினைத்த பிறை

பூமி தன்னைத்தானே சுற்றுவதும், நிலா பூமியைச் சுற்றுவதும், மற்ற கிரகங்கள் சூரியனைச் சுற்றுவதும் கடலோர ஊரான அஸம்மூரின் தையல்காரர் புஷாயிபைக் கேட்டுக்கொண்டுதான். அவர் ஊசியில் நூல் கோத்து முடிக்கும்வரை வெள்ளிகூட உதிக்காமல் காத்திருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் அவரையே கேட்கலாம். அவரும் இதைத்தான் சொல்வார், இன்னும் கொஞ்சம் கூட்டி.

பள்ளிக்கூடம் நாலாம் வகுப்பிலேயே அவரைக் கைகழுவிவிட்டது. வானம் கைவிடவில்லை. ஜெல்லாபா அங்கிகளுக்குப் பட்டு முடிச்சுப் பித்தான் போட்டுப் போட்டுக் கூர்மையான கண், மாலையானால் மொட்டைமாடி ஏறி நிலாவை அளக்கும். கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களை நிற்கவைத்து, நூல்கண்டைச் சூரியனாக்கி, பித்தானை நிலாவாக்கிச் சுற்றிக் காட்டுவார்.

"தெனமும் அம்பது நிமிசம் பிந்தித்தான் வரும். நம்ம தையல் மாதிரி!"

வந்தவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் முதல் பிறை விஷயத்தில் அவர் கண்தான் ஊருக்குச் சாட்சி. அவர் சொன்னால், ஊரே 'சீதி' என்று மரியாதையாக விளிக்கும் காஜியார் தஹாமி மறுபேச்சுப் பேசமாட்டார்.

அந்த வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பன்று பதினேழு ஜெல்லாபா பாக்கி. பிறை தெரிந்தால் விடிந்ததும் பெருநாள்; பதினேழு பேரும் பழைய துணியில் தொழப் போவார்கள், போகிற வழியில் புஷாயிபையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போவார்கள். தெரியாவிட்டால் முழுசாக ஒரு நாள் கைவசம்.

"பொய் சாட்சி சொல்லப் போறியா, மனுசா?" என்றாள் மனைவி மஹ்ஜூபா, முடிச்சுப் போட்டபடியே.

"யாரு பொய் சொன்னா? அது எடப்பக்கம் வரும்னு எனக்குத் தெரியும். நான் வலப்பக்கமே பாத்துட்டு நிப்பேன். பாக்காதவன் பாக்கலேன்னு சொன்னா அது பொய்யா?"

"நோன்பு வாயி. பாத்துப் பேசு."

சூரியன் விழுந்தது. பேரீச்சம்பழத்தை வாயில் அதக்கிக்கொண்டு ஊரே கோட்டைச் சுவரில் ஏறி நின்றது. புஷாயிப் வலப்பக்கம் ஒரு நாரையின் கூட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாம் நோன்பை நினைத்தாலே மயங்கி விழும் மீன்காரர் ஜீலாலிதான் எங்கோ கையைக் காட்டி முதலில் குதித்தார்.

"தெரியுது! தெரியுது!"

"எப்படி இருக்கு?" என்றார் காஜியார்.

"கவுத்துப் போட்ட கிண்ணம் மாதிரி, சீதி! ரெண்டு கொம்பும் கடலைக் குத்திட்டு!"

இதை ஒப்புக்கொண்டால் பதினேழும் போச்சு. தவிர, கொம்பு கீழே பார்க்கிற பிறையா? புஷாயிபுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போன வருசம் வெள்ளியக் காட்டி நிலான்ன. இப்ப இதுவா? யோவ் மீனு, சூரியன் கடலுக்குள்ள எறங்கிருச்சு. வெளிச்சம் கீழேருந்துதானே படும்? சூரியன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் நிலாவுக்கு வயிறு. கொம்பு மேல பாக்கும்! அதுவும் அங்க இல்லய்யா. சூரியன் விழுந்த எடத்துக்கு எடப்பக்கம், நாலு விரக்கடை தள்ளி, கொஞ்சம் மேல, இந்தா, இங்க..."

நீட்டிய விரல் நுனியில், வெள்ளை நூலில் எடுத்த ஒற்றைத் தையல்போல, அது இருந்தது.

வேறு யார் கண்ணுக்கும் படவில்லை. புஷாயிப் சட்டென்று விரலை மடக்கி மூக்கைச் சொறிந்துகொண்டார். தப்பித்தாயிற்று. ஆனால் ஆறு வயதிலிருந்து பிறையைக் கண்டதும் நிலாவிடமே சொல்லிப் பழகிய வாசகம் ஒன்று உண்டு. அது அவரைக் கேட்காமலே உதட்டுக்கு வந்துவிட்டது: என்னைப் படைத்த ரப்பும் உன்னைப் படைத்த ரப்பும் அல்லாஹ்.

"புஷாயிப்," என்றார் காஜியார் மெதுவாக, "ஒதடு யாருகிட்ட பேசுது?"

"பேரீச்சங்கொட்டை, சீதி. பல்லுல மாட்டிக்கிச்சு."

"ஓ! கொட்டைக்கும் உனக்கும் ஒரே ரப்புன்னு இப்பத்தான் காதுல விழுந்துச்சு."

சுவரே அவரைப் பார்த்தது.

"பாத்தேன்," என்றார் புஷாயிப்.

குலவைச் சத்தத்தில் நாரை எழுந்து பறந்தது. ஜீலாலி யாரையோ தூக்கிச் சுற்றினார். காஜியார் புஷாயிபைக் கட்டித் தழுவி வாழ்த்தினார். தழுவிய கையை எடுக்காமலே காதோரம் கேட்டார்:

"காலைல தொழவைக்கணும். என் ஜெல்லாபா தயார்தானே?"

பதினேழில் அதுவும் ஒன்று. புஷாயிப் உதவிக்கு மேற்கே பார்த்தார். காட்டிக்கொடுத்த பிறை கடலுக்குள் நழுவிவிட்டிருந்தது.