கட்டு பெண், சாமியார் ஆண்

மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது ஸ்பெயினிலிருந்து ஒரு கன்னியாஸ்திரீ வந்தார். இங்கிலீஷ் அரைகுறை, கன்னடமும் தமிழும் சுத்தமாகத் தெரியாது. ரயில்வேக்காரர் மகள், பல பாஷை பேசுகிறவள் என்று டாக்டரம்மா என்னை அவரிடம் ஸ்பானிஷ் படிக்கச் சொல்லிவிட்டார்.

சொற்களெல்லாம் வந்துவிட்டன. உயிரை வாங்கியவை 'எல்', 'லா' என்ற இரண்டு ஒட்டுகள்தாம். பெயர் ஆணென்றால் முன்னால் எல், பெண்ணென்றால் லா. மனிதர்களோடு நிறுத்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நமக்குக் கட்டிலும் சோறும் அஃறிணை, தீர்ந்தது. அங்கே கட்டில் பெண், சோறு ஆண். ஆம்பிளையின் தாடி பெண்! 'ஓ'வில் முடிந்தால் ஆண் என்று சொல்லிக்கொடுத்தவரே, 'மானோ', அதாவது கை, பெண் என்றார். ஏன் என்று கேட்டால், அப்படித்தான் என்பார்.

ஹனூர் பக்கத்துத் தமிழ்க்கார விவசாயி ஒருவர் காலில் மண்வெட்டி பட்ட புண்ணோடு வந்து படுத்திருந்தார். ஒருநாள் காலையில் கட்டு நனைந்து வலி தாங்கவில்லை, சீக்கிரம் மாற்றச் சொல்லுங்கள் என்றார். புண்ணுக்குக் கட்டுவதை ஸ்பானிஷில் 'குரா' என்பார்கள். பஞ்சும் மருந்தும் அந்த ஸ்பெயின் சிஸ்டர் பொறுப்பில் இருந்ததால், விவசாயிக்கு அவசரமாக 'எல் குரா' வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். சிஸ்டர் முகம் வெளுத்தது. சிலுவை போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்.

வந்தது பஞ்சும் மருந்தும் அல்ல. பக்கத்துக் கோயிலின் பாதிரியார், கையில் எண்ணெய்ச் சிமிழோடு, மூச்சு வாங்க வந்து நின்றார். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய். சிஸ்டர் கட்டில் காலடியில் மண்டியிட்டுவிட்டார்.

விவசாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மிணி, நெசத்தச் சொல்லுங்க. நான் போயிருவனுங்களா?"

அப்புறம்தான் விளங்கியது. 'லா குரா' என்றால் கட்டு. 'எல் குரா' என்றால் பாதிரியார். இப்படி ஒரு ஓட்டைப் பாஷையை யார் செய்தார்களோ என்று எரிச்சலில் எனக்குக் கண்ணீரே வந்தது. அவருக்கு விளக்கினேன். அவங்க பேச்சில் கட்டு பொம்பளை, சாமியார் ஆம்பிளை, ரெண்டுக்கும் ஒரே பேர் என்று.

அவர் பாதிரியாரை ஏற இறங்கப் பார்த்தார். "அதென்னங்க அம்மிணி, கட்டுக்கு எதுக்கு ஆம்பள பொம்பள? வலிக்குதுங்க, கட்டுங்க."

நானே கட்டினேன். புண் ஆறி, நடந்தே பஸ் ஏறிப் போனார்.

டாக்டரம்மா என் ஸ்பானிஷை நிறுத்திவிட்டு, சிஸ்டரையே கன்னடம் படிக்கச் சொன்னார். அப்பாடா என்று இருந்தேன். சிஸ்டரோ தம் ஆணையும் பெண்ணையும் கன்னடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். ஊசியைக் காணோம் என்றால், "ஸூஜி எல்லி ஹோதளு?" என்று கேட்பார். ஊசி எங்கே போனாள் என்று! நோயாளிகள் ஸூஜி என்று ஏதோ ஒரு பெண்ணைக் காணவில்லை என்று நினைத்து வராந்தாவெல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். ஊசி ட்ரேயிலேயேதான் இருக்கும்.