தவநாயகி பட்டியலில் ஏறிய கதை

லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பத்து வருடம் உருளைக்கிழங்கு உரித்த தவநாயகி பாலேந்திராவுக்கு ஐரோப்பாவைப் பற்றித் தெரிந்த அளவு, அந்தத் தொகுதியில் வோட்டுக் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. ஆசிரியர்கள் ஓய்வறையில் வாசித்துவிட்டுப் போடுகிற பத்திரிகைகளை எல்லாம் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பின்னேரத் தேநீரோடு உட்கார்ந்தால் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில்தான் நிமிர்வார். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிச்ட் ஒப்பந்தத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் மாதக்கணக்கில் போட்டு இழுத்தபோது, எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் தாவினார் என்று விரல் மடக்கிச் சொல்லுவார். கணவர் பாலேந்திரா பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்து சோறு கேட்டால், சோற்றோடு அந்தச் செய்தியும் சேர்ந்து வரும்.

அதில் அதிசயம் இல்லை. கொழும்பில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்து வருடம் குடியியல் படிப்பித்தவர் அவர். வாக்குரிமை, பாராளுமன்றம், சட்டம் எல்லாம் அவருக்குப் பாடமாகவே இருந்தவை. அங்கே தேர்தல் வந்தால் ஆசிரியர்களை வாக்குச்சாவடிக் கடமைக்கு அழைப்பார்கள். தவநாயகிக்குக் கிடைப்பது பெயர் வாசிக்கிற வேலை. வாக்காளர் வந்து நின்றதும், அவருடைய வீட்டு இலக்கத்தையும் பெயரையும் பட்டியலைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். சிங்களப் பெயரோ, தமிழ்ப் பெயரோ, முஸ்லிம் பெயரோ, ஓர் எழுத்துப் பிசகாமல் கணீரென்று வாசிப்பார். அந்தக் குரலில் அவருக்கு ஒரு தலைக்கனமே இருந்தது. கடைசியாக வாசித்தது எண்பத்திரண்டு மார்கழியில்.

ஏழு மாதம் கழித்து, எண்பத்து மூன்று ஆடியில், அதே மாதிரி ஒரு வாக்காளர் பட்டியல் கொழும்பு வெள்ளவத்தையில் அவருடைய வீட்டுக் கேற்றடிக்கு வந்தது. தமிழர் வீடுகளைத் தேடி அதைக் கொண்டுவந்தவர்களின் மற்றக் கையில் பெற்றோல் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் தவநாயகியையும் பாலேந்திராவையும் தங்கள் குளியலறைக்குள் ஒளித்து வைத்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் வாசித்தது இருவருக்கும் கேட்டது.

"இருபத்தேழாம் இலக்கம். பாலேந்திரா. தவநாயகி பாலேந்திரா."

ஓர் எழுத்துப் பிசகில்லாமல் வாசித்தான். அதுதான் தவநாயகியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பெயர் கூப்பிட்டால் 'ஓம்' என்று எழும்பி நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கிய மனுசி, தன் பெயர் கூப்பிடப்பட்டபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஈரத் தரையில் குந்தியிருந்தார். பதில் வராததால் அவர்கள் வீட்டைக் கொளுத்திவிட்டு அடுத்த இலக்கத்துக்குப் போனார்கள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். மறு வருடம் லண்டனுக்கு வந்து சட்டனில் ஒரு வீட்டில் குடியேறிய பிறகு, ஒவ்வொரு ஒக்டோபரும் கவுன்சிலில் இருந்து ஒரு படிவம் கதவு வழியாக வந்து விழும். இந்த வீட்டில் வாக்களிக்கத் தகுதியானவர்கள் யார் யார், பெயர்களை எழுதி அனுப்புங்கள் என்று இருக்கும்.

"நாங்கள் கொமன்வெல்த் நாட்டுக்காரர். எங்களுக்கு இஞ்ச வோட் இருக்கப்பா," என்பார் பாலேந்திரா. "எழுதிக் குடுப்பமே?"

"வேண்டாம். எங்கட பேர் ஒரு பட்டியலிலயும் இருக்கக் கூடாது."

அதற்கு மேல் அவர் கேட்பதில்லை. அந்தக் குளியலறையில் அவரும்தானே இருந்தவர். ஆனால் படிவத்தைக் கிழித்துப் போடவும் தவநாயகிக்கு மனம் வராது. அரசாங்கக் கடதாசியைக் குப்பையில் போட ஆசிரியரின் கை விடுமா? மடித்து, படுக்கையறைச் சூட்கேசுக்குள் வைத்துவிடுவார். அப்படிப் பன்னிரண்டு படிவம் சேர்ந்தது.

இந்தக் கதையில் அடுத்ததாக வருவது மொரீன். சமையலறையின் தலைமைச் சமையல்காரி, சட்டனிலேயே பிறந்து வளர்ந்தவள், குரலுக்கு மைக் தேவையில்லை. தவநாயகி மாட்டிறைச்சியைத் தொடமாட்டார் என்பதால் முதல் நாளிலிருந்தே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: இறைச்சி மொரீனுக்கு, கிழங்கும் கஸ்டர்டும் தவநாயகிக்கு. அதனால் பத்து வருடமாக ஒருத்தி ஒரு மூலையிலும் மற்றவர் மறு மூலையிலும் நின்றுதான் வேலை செய்தார்கள். தொண்ணூற்றாறில், இறைச்சி வழியாக மனிதருக்கும் தொற்றும் என்று மாட்டு நோய்ப் பயம் வந்து, பள்ளிக்கூடச் சாப்பாட்டிலிருந்து மாட்டிறைச்சி போனது. மொரீனும் கிழங்கு மேசைக்கு வந்து சேர்ந்தாள். எதிரும் புதிருமாக நின்று உரிக்கத் தொடங்கியதும் ஐரோப்பாச் சண்டையும் தொடங்கியது. மொரீன் பேசியது இங்கிலீஷ்தான். தவநாயகி வீட்டுக்கு வந்து கணவருக்குச் சொன்ன தமிழிலேயே நானும் தருகிறேன்.

"எங்கட பிள்ளையள் என்ன தின்ன வேணும் எண்டு பிரசல்ஸில, ஐரோப்பிய ஒன்றியத்தில இருக்கிறவன் சொல்லுறதோ? உந்த ஒன்றியத்தை விட்டு வெளிக்கிட வேணும். இண்டைக்கே வெளிக்கிட வேணும்."

"பிரசல்ஸ் மறிச்சது ஏற்றுமதியை, மொரீன். எங்கட மெனுவில இருந்து எடுத்தது எங்கட கவுன்சில். கோவிக்கிறதெண்டால் ஆளைப் பாத்துக் கோவி."

மொரீன் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பத்து வருடமாகக் 'குட் மோர்னிங்'குக்கு மேல் பேசாத பெண்ணின் வாயிலிருந்து இது வந்ததா என்று அவளுக்குச் சந்தேகம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான். ஆனால் வாய் இருப்பது முதலில் தெரிய வேண்டுமே. அன்றிலிருந்து தினமும் சண்டைதான். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

ஜூனில் அந்தப் பகுதிக் குடியிருப்பாளர் சங்கம் தேவாலய மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று விவாதம். முடிவில் கை உயர்த்தி வாக்கெடுப்பு.

"நீ வா," என்றாள் மொரீன். "உன்ர பக்கத்தில உன்னை மாதிரிப் பேச ஒருத்தரும் இல்லை. சண்டைக்கு ஆள் இல்லாமல் வெண்டு என்ன பிரயோசனம்?"

தவநாயகி போனார். நல்ல சேலை உடுத்து, இரண்டு நாள் குறிப்பெழுதி, குறிப்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மண்டப வாசலில் வரிசை நின்றது. முந்தைய கூட்டம் ஒன்றுக்கு வெளியாட்கள் பஸ் பிடித்து வந்து கத்திவிட்டுப் போனதால், இந்த முறை வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே பேசவும் கை உயர்த்தவும் முடியும் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. கதவடியில் மேசை போட்டு, ஹார்டிங் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் பட்டியலை விரித்து வைத்திருந்தார். ஒவ்வொருவராக வர, விரலை ஓட்டி, உரத்து வாசித்தார்.

"ஒன்பதாம் இலக்கம். டொரத்தி பெயின்." "இங்கே." "முப்பத்தொன்று. ரொனால்ட் கிளார்க்." "இங்கே."

தவநாயகிக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். பிறகு மூன்று பேர். ஜூன் மாதத்து வெயிலில் அவருடைய காலுக்கு அந்தக் குளியலறை ஈரத் தரையின் குளிர் வந்தது. வரிசையை விட்டு விலகி, வெளியே மதில் கட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார்.

மொரீன் தேடிக்கொண்டு வந்தாள். "என்ன நடந்தது?"

"என்ர பேர் அதில இல்லை."

"ஏன் இல்லை?"

"நான் குடுக்கேல்லை."

உள்ளே அழைத்ததால் மொரீன் போய்விட்டாள். திறந்திருந்த ஜன்னலால் விவாதம் முழுவதும் கேட்டது. இருக்க வேண்டும் என்ற பக்கத்தில் பேச எழும்பிய மனிதர் மாட்டிறைச்சித் தடையைப் பற்றித் தலைகீழாகச் சொன்னார். திருத்த ஆளில்லை. திருத்தத் தெரிந்த ஒரே ஆள் மதில் கட்டின் மேல் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். அன்றைக்கு அவருக்குப் பயத்தை விட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. வாக்குரிமை என்றால் என்ன என்று எத்தனை நூறு பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய் இது! மொரீனின் பக்கம் வெகு சுலபமாக வென்றது.

"வெண்டதில ஒரு சுகமும் இல்லை," என்றாள் மொரீன் மறுநாள், கிழங்கைப் பார்த்துக்கொண்டே.

ஒக்டோபரில் பதின்மூன்றாவது படிவம் வந்தது. தவநாயகி அதைச் சூட்கேசில் வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்தார். மூன்று நாள் அதைச் சுற்றியே சோறு சாப்பிட்டார்கள். நான்காம் நாள் தவநாயகி பேனை கேட்டார். பாலேந்திரா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தவநாயகி பெரிய எழுத்தில், ஆறுதலாக, முதலில் கணவரின் பெயரையும் பிறகு தன் பெயரையும் எழுதினார்.

"கொண்டு போய்த் தபால் பெட்டிக்குள்ள போட்டிட்டு வாறன்," என்று பாலேந்திரா எழும்பினார்.

"இல்லை. நான்தான் போடவேணும்."

போட்டார். ஆனால் போட்டதும் பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு பல கிழமை, யாராவது கதவைத் தட்டினால் அவருடைய கை தானாக வாயடிக்குப் போனது. பால்காரன் தட்டினாலும் போனது. அப்படியிருந்தும், படிவத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கவுன்சிலுக்கு அவர் போன் பண்ணவில்லை. அந்தப் பெண்ணின் துணிச்சலுக்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

தொண்ணூற்றேழு ஏப்ரலில், பொதுத் தேர்தலுக்கு இரண்டு கிழமை இருக்கையில், சங்கம் மறுபடி அதே மண்டபத்தில் அதே விவாதத்தை வைத்தது. இந்த முறை பாலேந்திராவும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட வந்தார். வாசலில் அதே மேசை, அதே ஹார்டிங். வரிசை நகர்ந்தது. தவநாயகி கணவரின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். மேசையடிக்கு வந்ததும் வீட்டு இலக்கத்தைச் சொன்னார். ஹார்டிங் கண்ணாடியைச் சரிசெய்து விரலை ஓட்டினார்.

"பதினான்காம் இலக்கம். பாலேந்திரா. தவநாயகி பாலேந்திரா."

தபால்காரனாக இருந்த மனிதருக்கு எந்தப் பெயரும் புதிதில்லை. பிசகில்லாமல் வாசித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது.

"ஓம்," என்றார் தவநாயகி தமிழில். "நான்தான்." பிறகுதான் இங்கிலீஷ் வந்தது. ஹார்டிங் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு, உள்ளே தேநீரும் பிஸ்கட்டும் இருக்கிறது என்றார்.

பேச முறை வந்தபோது தவநாயகி குறிப்பை எடுக்கவில்லை. முதலில் மாட்டிறைச்சிக் கணக்கைத் திருத்தினார். வர்த்தகம், சட்டம் என்று இரண்டு விசயத்தைத் தெளிவாகச் சொன்னார். பிறகு முன்வரிசையில் இருந்த மொரீனைப் பார்த்தார்.

"என்ர சிநேகிதி விலக வேணும் எண்டு சொல்லுறா. அவ சொல்லலாம். நான் வந்த நாட்டில பிரிஞ்சு போக வேணும் எண்டு வாயால சொல்லவே கூடாது எண்டு சட்டம் போட்டவை. இஞ்ச நீங்கள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு அதைப் பேசுறியள். பேசி முடிய ஒருத்தரும் ஒருத்தரின்ர வீட்டையும் கொளுத்தப் போறேல்லை. போக விருப்பமெண்டால் போகலாம் எண்டு கதவு திறந்து கிடக்கிற வீட்டில இருக்க எனக்குப் பயமில்லை. பூட்டின வீட்டில இருந்துதான் நான் ஓடி வந்தனான். அதனால நான் இருப்பம் எண்டு சொல்லுறன்."

கொழும்பு வாக்குச்சாவடியில் ஒலித்த அதே கணீர்க் குரல். கடைசி வரிசையில் இருந்த பாலேந்திராவுக்குப் பதினாலு வருடத்துக்குப் பிறகு அது கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும். மொரீன்தான் முதலில் கை தட்டினாள். தட்டிவிட்டு, வாக்கெடுப்பில் விலக வேண்டும் என்ற பக்கத்துக்கே கையைத் தூக்கினாள். நான் அவளிடமிருந்து வேறெதையும் எதிர்பார்க்கவில்லை, தவநாயகியும் எதிர்பார்க்கவில்லை.

ஹார்டிங் வரிசை வரிசையாக நடந்து கைகளை எண்ணினார். தவநாயகியின் பக்கத்துக்கு எழுபத்திரண்டு. மொரீனின் பக்கத்துக்கு எண்பத்து மூன்று.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தவநாயகி சிரித்துக்கொண்டு நடந்தார். பாலேந்திராவுக்கு விளங்கவில்லை.

"பதினொரு வோட்டால தோத்துப் போனம். ஏனப்பா சிரிக்கிறீர்?"

"எண்ணினவையப்பா," என்றார் தவநாயகி. "என்னையும் சேத்து எண்ணினவை."