சாப்பிடுகிற கை

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே வலது கையில் பலமில்லை; விரல்கள் இறுக மூடிக்கொள்ளும். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் படிக்கிற அரசுப் பள்ளிக்கு வாரம் ஒருமுறை ஒரு தெரபி மேடம் வருவார். களிமண் பிசைய வைத்து, சட்டைப் பொத்தான் போட வைத்து, ஒரு வருடம் போராடி அந்த விரல்களைப் பாதி திறக்க வைத்திருந்தார். அது திரும்ப மூடிக்கொண்டுவிடுமோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அந்த வாரம் கம்பெனியில் எனக்கு லீவு தரவில்லை. கணவர்தான் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுப் போய் மேடத்தைப் பார்த்தார். இருட்டிய பிறகு நான் வீட்டுக்குள் நுழைந்தால், குழந்தை சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வலது கை என் பழைய துப்பட்டாவால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. விரல்கள் வீங்கி நீலமாகிக் கிடந்தன.

"இன்னாய்யா பண்ணி வச்சிகீற?"

"மேடம்தான்மே சொன்னாங்க. சாப்புடற கைய கொஞ்ச நேரம் கட்டி வைக்கணுமாம். சோத்தாங்கையத்தானே கட்னேன்?"

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். கை ஜில்லென்றிருந்தது. ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தேன், அசையவில்லை. அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மேடத்துக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, அந்தக் கையவா கட்டினார்? நல்லா இருக்கற கையக் கட்டினாதானேம்மா இது வேலை செய்யும்? மெதுவா தேய்ச்சு விடுங்க. நிறம் மாறலேன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அவ சாப்பிடற கைன்னு இடது கையத்தான் சொன்னேன்."

"அவ எங்க மேடம் சாப்பிடறா? வீட்ல நான்தானே ஊட்டறேன், ஸ்கூல்ல ஆயா ஊட்டறாங்க?"

"ஸ்கூல்ல தினமும் அவளேதான் சாப்பிடறா. இடது கையால, சிந்தாம."

தேய்த்தேன். என் கை தேய்ந்தாலும் பரவாயில்லை என்று தேய்த்தேன். நீலம் மெல்ல மெல்லக் கலைந்து சிவப்பு வந்தது. சுண்டுவிரல் முதலில் அசைந்தது, பிறகு மற்றவை பழையபடி பாதி திறந்தன. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"ஏண்டி, நீயே சாப்பிடறேன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ ஊட்ட மாட்டியே."

விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பி இருட்டும்போது திரும்புகிறவள் நான். அவள் என் மடியில் இருப்பதே அந்தச் சோற்று வேளையில்தான். சோற்றைப் பிசைந்து தட்டை நடுவில் வைத்தேன்.

"பாதி நீ சாப்பிடு. பாதி நான் ஊட்டறேன்."

வாயை அகலமாகத் திறந்துகொண்டு, "மொதல்ல உன் பாதி" என்றாள்.