ஒரு பொட்டாசியமும் என் வாக்குமூலமும்

போன வருடம் ஆடி மாதம், ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன லேபில் தொடங்கியது இது. எனக்கு ஊர் ஜீயபுரம், வாழை விவசாயம். சர்க்கரை நோய்க்காக வழக்கமாகப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பேன். அன்று பொட்டாசியமும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு என் நரம்பு அகப்படவில்லை. ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டித் தடவித் தடவிப் பார்த்தார். உதவலாமே என்று விரல்களை மடக்கி மடக்கி விரித்தேன்.

"கைய ஆட்டாம வெச்சுக்கங்க சார். இப்படிப் பண்ணா ரிசல்ட் மாறிடும்" என்றார்.

வாழைத்தார் தூக்கிய கைக்கு இந்தப் பெண் பாடம் சொல்வதா என்று எனக்கு ரோஷம். அவர் ஊசி எடுக்கத் திரும்பியதும் இன்னும் வேகமாக மடக்கினேன். ரத்தம் பாய்ந்து வந்தது. பெருமையாக இருந்தது.

மதியம் டாக்டரே போன் செய்தார். பொட்டாசியம் எக்கச்சக்கமாம், இதயத்துக்கே ஆபத்தாம், உடனே திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகமாம், நிறையச் சாப்பிடுவீர்களா என்றும் கேட்டார். வாழைத் தோப்புக்காரன் என்ன பதில் சொல்வது?

ஆட்டோவில் மனைவி என் கையைப் பிடித்தபடி ரங்கநாதரை வேண்டிக்கொண்டே வந்தாள். குடமுருட்டிப் பாலத்தில் நெரிசல். என் கதை இங்கேயே முடிந்தது என்று தோன்றியது. மனதில் எதையும் வைத்துக்கொண்டு போகக் கூடாது என்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"டவுனுக்கு வர்றப்பல்லாம் ரெண்டு ஜாங்கிரி சாப்பிடுவேன். நாலு வருஷமா."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. சரியாக இருந்தது. கையைத் தளர்த்தி வைக்கச் சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியமும் சரியாகவே இருந்தது. முதலில் எடுத்தபோது கையை மூடி மூடித் திறந்தீர்களா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டுமாம். அந்த எண்ணை நம்பி மருந்து ஏற்றியிருந்தால் அதுவே வினையாகியிருக்கும் என்றார்.

வாசலுக்கு வந்ததும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எந்தக் கடைங்க?"

மறுநாள் லேபுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பட்டையை அவ்வளவு நேரம் கட்டி வைத்தது தன் தப்புதான் என்று அவர் சொன்னபோது இன்னும் கூசியது. வேலை தெரிந்தவர் ஒன்று சொன்னால் வயது பார்க்காமல் கேட்டுக்கொள்கிறேன் இப்போது. ஆனால் அதற்கு முன் எத்தனை பேர் பேச்சை இப்படித் தட்டிவிட்டு வந்திருப்பேனோ என்ற யோசனை மட்டும் இன்றும் என்னை விடுவதில்லை.